ஜெராக்ஸ் கடையும் வேலிக்கருவையும்

அருப்புக்கோட்டை ஊர் முடிந்து திருச்சுழிச் சாலை தொடங்கியதும் இரண்டு பக்கமும் வேலிக்கருவை நிற்கும். ஊருக்குள்ளே, அலுவலகங்களையும் பள்ளிக்கூடங்களையும் ஒட்டி, ஜெராக்ஸ் கடைகள். அந்தக் கடையில் நோட்ஸ் நகலெடுக்கக் காத்திருக்கும் பிளஸ் டூ மாணவியின் தாவரவியல் தாளில் ‘ஜீரோபைட்’ என்ற சொல் இருக்கும். வறண்ட நிலத் தாவரம் என்று பக்கத்திலேயே தமிழிலும் எழுதியிருப்பாள். நாளை அவள் மருத்துவமோ செவிலியர் படிப்போ படிக்கப் போனால் ‘ஜீரோப்தால்மியா’ என்ற சொல்லைச் சந்திப்பாள். வைட்டமின் ஏ இல்லாமல் குழந்தைகளின் கண் காய்ந்துபோகும் நோய் அது. கையிலிருக்கும் நகலும், பாடத்திலிருக்கும் செடியும், இனி படிக்கப்போகும் நோயும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் பெற்றவை. அந்தச் சொல் ‘க்ஸேரோஸ்’. பொருள், காய்ந்தது, வறண்டது.

ஆங்கிலம் இந்தச் சொல்லைத் தனியாகப் புழங்குவதில்லை. இன்னொரு கிரேக்கச் சொல்லின் முன்னால் ஒட்டி, முன்னொட்டாகவே வைத்துக்கொண்டது. ‘பைட்’ என்றால் செடி, ‘கிராஃபி’ என்றால் எழுத்து, ‘ஆப்தால்மோஸ்’ என்றால் கண். சொல்லின் முதலில் வரும் எக்ஸ் எழுத்தை ஆங்கிலேயர்கள் இசட் போல ஒலிப்பதால் க்ஸேரோ அவர்கள் வாயில் ‘ஜீரோ’ ஆனது. தமிழுக்கு வந்தபோது கடைப்பலகையில் ‘ஜெ’ என்றும் பாடப்புத்தகத்தில் ‘ஜீ’ என்றும் எழுதிவிட்டோம். உறவு மறைந்துபோனது. போதாக்குறைக்கு, காதால் மட்டும் கேட்பவருக்குச் சுழியத்தைக் குறிக்கும் ஜீரோவும் இதுவும் ஒன்றாகவே படும். அந்த ஜீரோ அரபியிலிருந்து வந்த வேறு குடும்பம். ஆங்கில எழுத்துக்கூட்டில் முதலெழுத்தைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். எக்ஸ் இருந்தால் வறட்சி.

ஆனால், இந்த முன்னொட்டுக்கு ‘வறண்ட’ என்று ஒரு பொருளை மனப்பாடம் செய்துகொண்டு நகர்ந்துவிடுவது போதாது. வறட்சி என்றால் தண்ணீர் இல்லாமை என்று பொதுவாக நினைக்கிறோம். இந்த முன்னொட்டு போய் நிற்கிற இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், பெரும்பாலான இடங்களில் தண்ணீர் இருக்கிறது. இருந்தும் எட்டவில்லை, அல்லது தங்கவில்லை. அதை உணர்ந்துகொள்ள அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

முதலில் மழையை எடுத்துக்கொள்வோம். விருதுநகர் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். இது பாலைவனத்து மழை அல்ல. உலகத்தில் இதைவிடக் குறைந்த மழையில் பசுமையாக இருக்கும் ஊர்கள் ஏராளம். லண்டனின் ஆண்டு மழை இதைவிடக் குறைவு. அங்கே மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்கிறது, வெயில் மெலிது. இங்கே மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு கொட்டி முடிந்துவிடுகிறது. தை பிறந்ததிலிருந்து வெயிலும் காற்றும் மண்ணிலிருந்து எடுக்கிற நீர், வானம் கொடுத்ததைவிட அதிகமாகிறது. திருச்சுழி வழியாகப் போகும் குண்டாற்றில் வெள்ளம் வந்த சுவடு மறையும் முன்பே மணல் காய்ந்துவிடும். வானம் பார்த்த பூமி என்று இந்தச் சீமையைச் சொல்வது அதனால்தான். எவ்வளவு பெய்தது என்பதோடு, எப்போது பெய்தது, எவ்வளவு வேகமாகப் போனது என்பதையும் சேர்த்தால்தான் வறட்சியின் கணக்கு முழுமையாகும்.

அடுத்தது மண். இந்த வட்டாரத்துக் கரிசலில் களித் துகள்கள் மிகுதி. அவை மிக நுண்ணியவை, நீரை இறுகப் பற்றிக்கொள்பவை. மழை நின்று வாரங்கள் கழித்துக் கரிசல் மண்ணைத் தோண்டி எடுத்தால் விரலுக்கு ஈரம் தெரியும். அதே ஈரம் செம்மண்ணிலோ மணலிலோ இருந்தால் பயிர் நிமிர்ந்து நிற்கும். கரிசலில் அது வாடத் தொடங்கியிருக்கும். மண் பிடித்திருக்கும் பிடியை வேரின் உறிஞ்சு விசை வெல்ல முடியாத நிலை அது. கோடை முற்றினால் மண் சுருங்கிப் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புகளின் வழியே அடி ஈரமும் ஆவியாகும்.

நீர் இருந்தும் செடிக்கு வறட்சி உண்டு என்பதை முறையாகப் பேசியவர் ஜெர்மன் தாவரவியலாளர் ஆண்ட்ரியாஸ் ஷிம்பர். 1898ல் வெளிவந்த தமது தாவரப் புவியியல் நூலில் ‘உடலியல் வறட்சி’ என்ற கருத்தை வைத்தார். உப்பு மிகுந்த சதுப்பில் கால் நனைய நிற்கும் செடியும் வறட்சியில்தான் இருக்கிறது. உப்பு நீரை அதன் வேர் எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால், 1895ல், டென்மார்க்கின் யூஜின் வார்மிங் தாவரக் கூட்டங்களைப் பற்றிய தமது நூலில் செடிகளை நீரோடு அவற்றுக்கு இருக்கும் உறவை வைத்துப் பிரித்திருந்தார். நீர்ச் செடிகள் ஹைட்ரோபைட், உப்பு நிலச் செடிகள் ஹாலோபைட், இடைநிலைச் செடிகள் மீசோபைட், வறண்ட நிலச் செடிகள் ஜீரோபைட். நம் மாணவர்கள் இன்று படிக்கும் பகுப்பு அங்கிருந்து வந்தது. ஹைட்ரோ, ஹாலோ, மீசோ, ஜீரோ ஆகிய நான்கு முன்னொட்டுகள் பிடிபட்டால் ஒரு பாடமே திறந்துகொள்கிறது.

இனி செடிகளிடம் போவோம். செடியின் இக்கட்டு அதன் இலைத்துளையில் இருக்கிறது. உணவு ஆக்கத் தேவையான கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருவதும், உள்ளேயிருக்கும் நீராவி வெளியே போவதும் ஒரே துளை வழியாக. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இப்படி ஆவியாகிப் போகிறது. நெல், கோதுமை போன்ற செடிகள் ஒரு கிராம் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க 400 முதல் 500 கிராம் நீரை இழக்கின்றன. சோளம், மக்காச்சோளம் வகையினர் 250 முதல் 300 கிராமில் அதே வேலையை முடிக்கிறார்கள். கம்பும் குதிரைவாலியும் இந்த இரண்டாவது அணியைச் சேர்ந்தவை. இந்த வட்டாரத்தின் மானாவாரிக் காடுகளில் சோளம், கம்பு, குதிரைவாலி என்று விதைத்து வந்த சம்சாரிகள், இலையின் வேதியியல் தெரியாமலே மிகச் சரியான செடிகளைத் தேர்ந்திருக்கிறார்கள். எந்தப் பயிர் தாங்கும் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து அடைந்த அறிவு அது.

மூன்றாவது அணிக்கு 50 முதல் 100 கிராம் நீரே போதும். கள்ளிகள், கற்றாழை, பிரண்டை இதில் அடங்கும். இவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவில், காற்று குளிர்ந்து ஈரமேறிய பிறகு திறக்கின்றன. இருட்டில் ஒளிச்சேர்க்கை நடக்காது. ஆகவே உள்ளே வாங்கிய கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக மாற்றிச் செல்லுக்குள் சேர்த்துவைக்கின்றன. விடிந்ததும் துளையை மூடிவிட்டு, இரவில் சேர்த்த அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடை மீட்டுச் சூரிய ஒளியில் உணவாக்குகின்றன. வாங்கும் வேலை இரவில், சமைக்கும் வேலை பகலில். வேலியில் படர்ந்து கிடக்கும் பிரண்டையின் நாற்பட்டைத் தண்டுக்குள் இப்படியொரு இரவுப் பணி நடப்பது எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் வியப்புக் குறையாத செய்தி. பிரண்டையின் சிற்றிலைகள் சீக்கிரம் உதிர்ந்துவிடும். பச்சைத் தண்டே இலையின் வேலையையும் பார்த்துக்கொள்ளும். திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் அப்படியே.

இந்த இரவு அமிலத்தைக் கண்டு எழுதியவர்களில் முன்னோடி ஒருவருக்குத் தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்பு உண்டு. பெஞ்சமின் ஹைனே என்ற அந்தத் தாவரவியலாளர் மொரேவியன் சபைப் பணிக்காகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்தில் தாவரவியலாளராக இருந்து, 1819ல் சென்னையிலேயே இறந்தார். இந்தியாவில் ரணகள்ளி இலையை அவர் நாளின் வெவ்வேறு நேரங்களில் மென்று பார்த்திருக்கிறார். காலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் லேசான கசப்பு. லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1815ல் இது அச்சானது. கருவி எதுவும் இல்லாமல், நாக்கை மட்டும் வைத்து ஒரு செடியின் இரவு வாழ்க்கையைக் கண்டுகொண்ட மனிதர் அவர். ரணகள்ளியை நம் பக்கத்தில் கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்பார்கள். இலை விளிம்பிலிருந்தே புதுச்செடி முளைக்கும். நாமும் அதை மெல்லலாமா என்றால், கூடாது. இதயத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருள்கள் அதில் உண்டு.

எல்லா வறண்ட நிலத் தாவரங்களும் இந்த வழியைப் பின்பற்றுவதில்லை. எருக்கு, இலையின் மேல் வெண்மெழுகு பூசிக்கொள்கிறது. கருவேலமும் உடைமரமும் இலையைப் பொடிப்பொடிச் சிற்றிலைகளாகப் பிரித்துக்கொண்டதால் வெயிலில் சூடு சேராமல் காற்று உடனே ஆற்றிவிடுகிறது. சீத்தா, கோடையில் இலைகளை உதிர்த்து ஓய்வெடுக்கிறது. அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்திலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய சீத்தா ரகமே உண்டு, ஏ.பி.கே. 1 என்று. நெருஞ்சியோ வறட்சியை எதிர்த்து நிற்பதே இல்லை. மழையீரம் இருக்கும் சில வாரங்களுக்குள் முளைத்துப் பூத்து முள்விதை போட்டுவிட்டுப் போய்விடுகிறது. கோடையை அது விதையாக உறங்கிக் கழிக்கிறது. வறட்சியையே சந்திக்காத இதையும் ஜீரோபைட் பட்டியலில் சேர்க்கிறார்கள் என்றால், அந்தச் சொல் செடியின் குணத்தைச் சொல்லவில்லை, அது இருக்கும் இடத்தை மட்டுமே சொல்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

வறண்ட நிலச் செடி என்றாலே சிக்கனமாகத் தண்ணீர் செலவழிக்கும் செடி என்ற நினைப்பு ஒரு காலத்தில் அறிவியலிலும் வலுவாக இருந்தது. ரஷ்யாவின் நிக்கோலாய் மாக்சிமோவ் அளந்து பார்த்து அதைக் கலைத்தார். தாராளமாக நீர் கிடைக்கும்போது வறண்ட நிலச் செடிகளில் பல, மற்றச் செடிகளுக்குச் சமமாகவும் சில சமயம் கூடுதலாகவும் நீரை ஆவியாக்குகின்றன என்று காட்டினார். அவற்றின் வலிமை, நீர் நின்றுபோன பிறகும் வாடி உயிர் தாங்குவதில் இருக்கிறது என்றார். செடிக்கும் நீருக்குமான உறவைப் பற்றிய அவரது நூல் 1929ல் ஆங்கிலத்தில் வந்தது.

வறண்ட நிலச் செடி சிக்கனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு நம் கண்ணெதிரே நிற்கும் சான்று வேலிக்கருவை. சித்திரை வெயிலில் சுற்றுமுற்றும் புல் பூண்டு கருகிக் கிடக்க, இது மட்டும் பச்சையாக நிற்கும். அதன் இரகசியம் வேர். இதே பேரினத்தைச் சேர்ந்த மெஸ்கீட் மரத்தின் வேர்கள் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டன. ஏறக்குறைய பதினேழு மாடி உயரம், தலைகீழாக. நிலத்தடி நீரைத் தொட்டு வாழும் இத்தகைய செடிகளுக்கு அமெரிக்க நிலத்தடி நீர் ஆய்வாளர் ஆஸ்கார் மைன்சர் 1920களில் ‘ஃப்ரியாட்டோபைட்’ என்ற பெயரைக் கொடுத்தார். ‘ஃப்ரியார்’ என்றால் கிரேக்கத்தில் கிணறு. கிணற்றுச் செடி. வறண்ட நிலத்தில் நிற்பதால் வேலிக்கருவையை ஜீரோபைட் என்று சொன்னாலும், நீர் கிடைக்கிற இடத்தில் அதன் வேர் வறட்சியில் இல்லை. மற்றவற்றுக்கு எட்டாத ஆழத்தில் அதற்கென்று நீர் இருக்கிறது.

இந்த மரத்தை இன்னும் சற்று நேரம் பார்ப்பது நல்லது. எக்ஸ் எழுத்தில் தொடங்கும் மூன்று கிரேக்க முன்னொட்டுகளை மாணவர்கள் எப்போதும் ஒன்றோடொன்று மாற்றிக்கொள்வார்கள். ஜீரோ வறட்சி, ‘ஜீனோ’ அந்நியம், ‘சைலோ’ மரக்கட்டை. மூன்றும் வேலிக்கருவையில் சேர்ந்திருக்கின்றன. மெக்சிகோ முதல் தென்னமெரிக்காவின் வடபகுதி வரை அதன் தாயகம். 1877ல் சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட அந்நியன் அது. அந்நிய மண்ணிலிருந்து வந்ததால் ஜீனோ. அந்நியரைக் கண்டு அஞ்சும் ஜீனோபோபியாவிலும், 1898ல் காற்றில் கண்டுபிடிக்கப்பட்டு ‘அந்நியன்’ என்றே பெயரிடப்பட்ட ஜீனான் வாயுவிலும் உள்ள முன்னொட்டு அதுவே. வேலிக்கருவையை வெட்டி, அடுக்கி, மண்பூசிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டிப் பக்கத்தில் நிறைய. அவர்களுக்குச் சோறு போடுவது அதன் சைலம், அதாவது மரக்கட்டையாக இறுகிய நீர்க்குழாய்த் திசு. சைலோ என்ற முன்னொட்டின் மூலச்சொல்லான ‘க்ஸைலோன்’ என்பதன் பொருளே விறகும் மரமும்தான். அந்த மரத்தை வேரோடு அழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை போன வழக்குகளும் உண்டு. கண்மாய்களையும் நீர்வரத்துக் கால்களையும் அது அடைத்துக்கொள்வதைக் கண்ணால் பார்க்கிறவர்கள் அந்தக் கோரிக்கையைத் தள்ளிவிட முடியாது. எனக்கும் அதுவே கருத்து. ஆனால் கரிமூட்டத்தை நம்பியவர்களுக்கு வேறு வேலை காட்டாமல் மரத்தை மட்டும் அகற்றுவது நியாயமாகாது.

கண்ணுக்கு வருவோம். இந்த முன்னொட்டு தாங்கிய சொற்களில் மிக வேதனையானது ஜீரோப்தால்மியா. முதலில் அதைப் பிரிக்கும் விதம். ஜீரோ என்றும் ப்தால்மியா என்றும் பிரித்தால் இரண்டாவது பாதிக்குப் பொருள் கிடைக்காது. கண்ணைக் குறிக்கும் சொல் ‘ஆப்தால்மோஸ்’, உயிரெழுத்தில் தொடங்குவது. உயிர் வந்ததும் முன்னொட்டின் கடைசி ‘ஓ’ விழுந்துவிட்டது. இது தமிழருக்குப் பழகிய விதி. ‘வறண்டு’ என்பதோடு ‘இருந்தது’ சேரும்போது உகரம் விழுந்து ‘வறண்டிருந்தது’ ஆகிறதே, அது போலத்தான். கிரேக்க முன்னொட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த விதி பொருந்தும் என்பதால் மனத்தில் வைத்துக்கொள்ளத்தக்கது.

நோய் மாலைக்கண்ணில் தொடங்குகிறது. இருட்டு விழுந்ததும் குழந்தை தடுமாறும், வைத்த பொருளைத் தேடும். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் நிறமியை ஆக்க வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்ததன் முதல் அறிகுறி இது. அடுத்து வெண்விழி பளபளப்பை இழந்து சுருக்கம் விழும். நுரை போன்ற வெண்திட்டுகள் தோன்றும். 1863ல் பிரெஞ்சு மருத்துவர் பியர் பிட்டோ விவரித்ததால் அவர் பெயரால் அழைக்கப்படுபவை. பிறகு கருவிழியே காயும். கடைசியில் அது உருகிக் குழைந்துபோகும். அந்தக் கட்டம் சில நாள்களில் முடிந்துவிடும். பார்வை திரும்பாது.

இங்கேயும் வறட்சிக்குக் காரணம் தண்ணீர் இல்லாமை அல்ல. கண்ணின் மேற்தோலில் சளிப்பொருள் சுரக்கும் செல்கள் உண்டு. கண்ணீர் விழிமேல் மெல்லிய படலமாகப் பரவி ஒட்டிக்கொள்வது அந்தச் சளிப்பொருளால். வைட்டமின் ஏ இல்லாவிட்டால் அந்தச் செல்கள் மறைந்து, அவற்றின் இடத்தில் நம் வெளித்தோலைப் போன்ற கடினமான செல்கள் முளைக்கின்றன. கண்ணீர் சுரந்தாலும் விழியில் தங்காது. அழுகிற குழந்தையின் கண்ணும் காய்ந்துகொண்டிருக்கும். இதே மாற்றம் மூச்சுக்குழாயிலும் குடலிலும் நடக்கிறது. அங்கேயெல்லாம் கிருமிகளைத் தடுக்கும் ஈரப்போர்வை கிழிந்துபோவதால் அம்மையும் வயிற்றுப்போக்கும் அந்தக் குழந்தைகளை எளிதாகக் கொன்றன.

இந்த நோயை எதிர்த்த போராட்டத்தில் மதுரைக்குப் பெரிய இடம் உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1918ல் பிறந்தது எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில். அதே கரிசல் சீமை. 1970களில் அவரும், ஆக்ஸ்ஃபோர்டின் உயிர்வேதியியலாளர் ஆன்டனெட் பிரீயும், உடனிருந்த மருத்துவர்களும் சேர்ந்து, ஜீரோப்தால்மியா கண்ட குழந்தைகளுக்கான ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தை மதுரையில் நடத்தினார்கள். அந்த அனுபவத்தை 1976ல் ‘லான்செட்’ ஆய்விதழில் எழுதினார்கள். அதே ஆண்டில்தான் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை வெங்கடசாமி தொடங்கினார்.

மதுரை அரவிந்தைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மதுல்லாவின் குழு பின்னர் திருச்சிராப்பள்ளிப் பகுதிக் கிராமங்களில் 15,419 குழந்தைகளை ஓர் ஆண்டு பின்தொடர்ந்தது. பாதிப் பேருக்கு வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ, உணவில் இயல்பாகக் கிடைக்கக்கூடிய அளவு. அந்தக் குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் 1990ல் வந்த இந்த முடிவு, அதற்கு முன் இந்தோனேசியாவில் ஆல்ஃப்ரெட் சாமர் கண்டதை வலுவாக உறுதிப்படுத்தியது. கண் நோய் என்று பெயர் வைத்திருந்தது உண்மையில் உயிரைக் குடிக்கும் நோய் என்று உலகம் ஏற்றுக்கொண்டதில் தமிழ்நாட்டுக் கிராமத்துத் தாய்மார்களின் பங்கு இப்படிச் சேர்ந்தது. அதை நாம் போதிய அளவு சொல்லிக்கொள்வதில்லை. இந்திய அரசு 1970லிருந்தே குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் கொடுத்து வருகிறது. ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை அந்தச் சொட்டு மருந்தை விடாமல் கொடுக்க வேண்டும். முருங்கைக் கீரையிலும் பப்பாளியிலும் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் உண்டு. கீரையை எண்ணெய் சேர்த்துத் தாளித்துக் கொடுத்தால்தான் உடல் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும்.

நோயில் வேண்டாத வறட்சி. அதையே வேண்டி ஏற்ற இடம் ஜெராக்ஸ். நகலெடுப்பது என்றாலே ஈரமான வேலை என்றிருந்த காலம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்து வினாத்தாள் சைக்ளோஸ்டைலில் மைபூசி உருண்டு வந்தது. போட்டோஸ்டாட் ரசாயனக் கரைசலில் முங்கி எழுந்தது. நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் பணியிலிருந்த செஸ்டர் கார்ல்சன், கையால் படியெடுத்துச் சலித்து, ஈரமே இல்லாத வழியைத் தேடினார். 1938 அக்டோபர் 22ம் நாள் அஸ்டோரியாவில் அவரும் உதவியாளர் ஓட்டோ கோர்னேயும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து நிலைமின்னூட்டம் ஏற்றினார்கள். எழுத்து எழுதிய கண்ணாடியை மேலே வைத்து ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளிபட்ட இடங்களில் மின்னூட்டம் வடிந்தது, எழுத்தின் நிழலில் தங்கியது. மேலே தூவிய லைக்கோபோடியம் பொடி அந்த எழுத்துகளில் மட்டும் ஒட்டியது. மெழுகுத்தாளில் அதை ஒற்றி எடுத்தபோது அன்றைய தேதியும் ஊர்ப்பெயரும் தெரிந்தன. கடையில் இன்று டோனர் பொடி தூவிச் சூடேற்றிப் பதிக்கும் எந்திரம் செய்வதும் அதே வேலை.

அதற்கு எலெக்ட்ரோபோட்டோகிராஃபி என்ற கனத்த பெயரைத்தான் கார்ல்சன் வைத்திருந்தார். உரிமை வாங்கிய ஹாலாய்டு நிறுவனம் எளிய பெயர் தேடியபோது, ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிரேக்கமொழிப் பேராசிரியர் ஒருவர் ‘ஜீரோகிராஃபி’, உலர் எழுத்து, என்று சொல்லிக் கொடுத்தார். 1948ல் அந்தப் பெயரோடு அது வெளியுலகுக்கு வந்தது. சாதாரணத் தாளில் நகலெடுக்கும் 914 எந்திரம் 1959ல் வந்து உலகை மாற்றியது. 1961ல் நிறுவனத்தின் பெயரே ஜெராக்ஸ் ஆனது. பழைய பெயரிலிருந்த ஹாலாய்டு, உப்பைக் குறிக்கும் ‘ஹாலோ’விலிருந்து வந்தது. புகைப்படத்தாளில் பூசும் வெள்ளி உப்புகளைச் சொல்வது அது. உப்பு நிலச் செடியான ஹாலோபைட்டும் வறள் நிலச் செடியான ஜீரோபைட்டும் வார்மிங்கின் ஒரே பட்டியலில் நின்றது போல, ஒரே கம்பெனியின் பெயர்ப்பலகையிலும் ‘ஹாலாய்டு ஜெராக்ஸ்’ என்று உப்பும் வறட்சியும் சில ஆண்டுகள் சேர்ந்து நின்றன.

க்ஸேரோஸின் பயணத்தில் வியப்பான கிளை ஒன்று அரபு நாடுகள் வழியாகப் போனது. புண்ணை உலர்த்தத் தூவும் மருந்துப்பொடியைக் கிரேக்கர்கள் ‘க்ஸேரியோன்’ என்றார்கள். அரபியில் அது ‘அல்-இக்ஸீர்’ ஆகி, இரும்பைப் பொன்னாக்கும் இரசவாதப் பொருளுக்குப் பெயராகி, ஐரோப்பாவில் ‘எலிக்சர்’ ஆகிச் சாகா மருந்தைக் குறித்தது. கடைசியில் புட்டியில் அடைத்து விற்கும் இனிப்பான மருந்துத் திரவத்துக்கும் அதே பெயர். காய்ந்த பொடியில் பிறந்த சொல் திரவத்தில் போய் முடிந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ‘ஃபிலாக்சரா’ பூச்சியின் பெயரிலும் அது ஒளிந்திருக்கிறது. இலையை உலர்த்துவது என்று பொருள். அங்கே அது முன்னொட்டாக இல்லாமல் சொல்லின் வாலில் நிற்கிறது. மருத்துவத்தில் வாய் உலர்ந்தால் ஜீரோஸ்டோமியா, தோல் உலர்ந்தால் ஜீரோடெர்மா. முன்பின் பார்த்திராத இச்சொற்களின் பொருளை இவ்வளவு தூரம் வந்த வாசகர் தாமே ஊகித்திருப்பார்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜீரோபைட் பாடம் வரும் வாரத்தில், வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாளில், ரணகள்ளி இலை ஒன்றை விடிந்ததும் பறித்து உடனே நசுக்கி, அந்தச் சாற்றை பி.எச். தாளில் தொட்டு நிறத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதே செடியிலிருந்து மாலை நான்கு மணிக்கு இன்னொரு இலை. வேலியில் கிடைக்கும் பிரண்டைத் தண்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். நமைச்சல் வராமலிருக்கக் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளட்டும். எதையும் வாயில் வைக்க வேண்டாம். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் நோட்டில் ஒட்டி, மேலே தேதியும் நேரமும் எழுதச் சொல்லுங்கள். காலைத் தாள்தான் அதிக அமிலம் காட்டும்.